செக்கில் ஆட்டிய ஆராய்ச்சி

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் நாக்கு தானாகச் சத்தியம் பண்ணும். யோசிப்பதெல்லாம் கடைசியில்தான்.

அப்போது திண்டுக்கல்லில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். எள்ளிலிருந்து டி.என்.ஏ. பிரிக்க எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். எண்ணெய் வித்துகளில் அந்த எண்ணெய்தான் தொல்லை. முதல் முறையில் எள்ளை அப்படியே அரைத்தேன். இரண்டாவதில் ரசாயனம் ஊற்றி எண்ணெயைக் கழுவிவிட்டு அரைத்தேன். மூன்றாவது என் சொந்த மூளை. (அங்கேதான் சனி பாய் விரித்துப் படுத்திருந்தார்.) எங்கள் ஊர் தாடிக்கொம்பில் செக்கு இருக்கும்போது ரசாயனம் எதற்கு? எங்கள் வயல் எள்ளை ஆட்டி, எண்ணெயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, புண்ணாக்கோடு ஆய்வகத்துக்குப் போனேன்.

குழாயின் அடியில் பழுப்பாக, கெட்டியாக ஒன்று இறங்கியது. டி.என்.ஏ. அளக்கும் கருவியில் வைத்தால், மற்ற இரண்டு முறைகளையும் தூக்கிச் சாப்பிடும் எண். விடுதி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் வழிகாட்டி ஸ்டெல்லா மேடம் சிரிக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதிய சீனியர் ஒருவரை ஒரு வருடம் திரும்பப் படிக்க வைத்தவர் அவர்.

"இம்புட்டா? ஏம்ப்பா செல்வம், நம்பரை நீயா எழுதுனியா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"எதையாச்சும் கலந்தியா?"

"மாதா மேல சத்தியமா எள்ளு மட்டும்தான்." (நான் பெருமாள் கோயில்காரன். பயத்தில் மேடத்தின் மாதாவைக் கடன் வாங்கிவிட்டேன்.)

ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். டி.என்.ஏ. இருந்தால் கோடு மின்னும். முதல் இரண்டும் மின்னின. என்னுடையதில் கும்மிருட்டு.

"அப்ப அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?"

ஒரு வருடம் போச்சு என்று காது சூடானது. மேடம் என் மேசையையே பார்த்தார். ஜன்னலிலிருந்து புண்ணாக்குப் பொட்டலம் வரை எறும்பு ஊர்வலம்.

அப்போதுதான் செக்குக்காரர் அன்று என்னைக் கேட்டது காதில் ஒலித்தது: "ஏலே அப்பு, கருப்பட்டி எங்கடா?" எள் ஆட்டும்போது கருப்பட்டி போட்டால்தான் எண்ணெய் நன்றாகப் பிரியும், கசக்காது. நானே கடைக்கு ஓடி, நானே உடைத்து, நானே போட்டிருக்கிறேன். வீட்டில் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அதுவும் கலப்பதுதான் என்று மூளைக்கு உறைக்கவே இல்லை. டி.என்.ஏ.வா வேறு எதுவா என்று கருவிக்குத் தெரியாது; அது அளந்தது கருப்பட்டிப் பாகை.

"கருப்பட்டி போட்டேன் மேடம்."

"ஆராய்ச்சிக்கா?"

"நல்லெண்ணெய்க்குப் போடாம எப்படி மேடம்?" அழுதேவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார். அதற்குள் எனக்கு இரண்டு முறை உயிர் போய் வந்தது.

"எண்ணெய் எப்படி வந்துச்சு?"

கடைசியில் மேடம் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. 'மாணவர் கருப்பட்டி சேர்த்ததால் மூன்றாம் முறையின் முடிவு தள்ளுபடி செய்யப்பட்டது' என்று அதில் என் கையாலேயே தட்டச்சு செய்தேன். இன்றும் நூலகத்தில் அந்தப் பக்கத்தை ஜூனியர்கள் போட்டோ எடுக்கிறார்களாம்.

அம்மா தீபாவளிக்குத் தீபாவளி மேடத்துக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் அனுப்புகிறார். கிடைத்ததும் போன் வரும். என் மனைவி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவாள். வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, மேடம் ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொல்கிறார்:

"செல்வம், மூணு முறையில இதுதான்ப்பா பெஸ்ட்டு."