பவளபுரியின் வெண்மை விருது

கடலுக்கடியில் பவளபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே குடிமக்கள் எல்லாரும் பவளங்கள். ஒவ்வொருவர் மேனியிலும் வழுவழுப்பான சளிப்படலம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்தன. தண்ணீர் சூடேறும்போது பவளத்தின் உடம்பில் ஊறும் நஞ்சை அவைதான் தின்று தீர்க்கும். நஞ்சு தங்கிவிட்டால் பவளம் வெளுத்துச் செத்துப்போகும். குடித்தனத்துக்குக் குடித்தனம், வைத்தியத்துக்கு வைத்தியம்.

கொம்பரசி என்ற சாதாரணப் பவளம் சென்ற கோடையில் பிழைத்ததே அவற்றின் தயவால்தான். இந்த ஆண்டு அவள் இடுப்பில் புதிதாக ஒரு மொட்டு மகள் துளிர்த்திருந்தாள். அவளையும் கோடை தாண்ட வைக்க வேண்டுமே என்பதுதான் கொம்பரசியின் ஒரே கவலை.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. "தூய்மையான பவளபுரி" என்று முழங்கி மன்னர் மறுபடியும் வென்றார். முதல் ஆணை: பூர்வீகச் சான்று இல்லாத நுண்ணுயிர்கள் வெளியேற வேண்டும், குடிமக்கள் தினமும் மேனியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவினார்கள். தண்ணீர் சூடேறியது. அடுத்த ஆணை: சூட்டைச் சூடு என்று சொல்லக்கூடாது, "இதமான கதகதப்பு" என்றே சொல்ல வேண்டும். சொன்னார்கள். சொல்லிக்கொண்டே தெருத்தெருவாக வெளுத்தார்கள். வெளுத்த அனைவருக்கும் வெண்மை விருது அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்வதற்குள் பாதிப் பேர் செத்துப்போனார்கள்.

கொம்பரசி மட்டும் கழுவுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, நுண்ணுயிர்களைக் கிளை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தாள். மகள் செக்கச்செவேல் என்றிருந்தாள். அந்தச் சிவப்பே காட்டிக்கொடுத்தது. தூய்மை அமைச்சர் கிளிஞ்சலார் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஊரே வெளுத்துக் கெடக்கு. நீங்க மட்டும் நெறமா இருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும். மன்னருக்கு நுனியெல்லாம் வெளுத்துப்போச்சு. உங்ககிட்ட இருக்கறதுல கொஞ்சம் குடுங்க."

"தர்றேங்க. சட்டத்த ரத்து பண்ணிருவீங்களா?"

"சட்டம் எதுக்கும்மா ரத்தாகணும்? மன்னர் மேனியில ஏறிட்டா அதுங்க அரண்மனை விருந்தாளிங்க."

மடிப்புக்குள்ளிருந்து நுண்ணுயிர் ஒன்று மெல்லக் கேட்டது: "ஐயா, எங்ககிட்ட பூர்வீகச் சான்று கெடையாதுங்களே?"

"அரண்மனையில அதெல்லாம் கேக்க மாட்டாங்க, ஏறு."

தனக்கும் மகளுக்கும் போக மிச்சத்தைக் கொம்பரசி கொடுத்தனுப்பினாள்.

சில நாளில் மன்னர் தளதளவென்று சிவந்து உப்பரிகையில் தோன்றினார். "என் நிறத்தைப் பாருங்கள்! தினமும் கழுவியதன் பலன்! நாளை முதல் அனைவரும் இரண்டு வேளை கழுவ வேண்டும். ஆட்சேபம் உண்டா?"

மீதிப் பாதியும் செத்துப்போயிருந்த ஊர் வெள்ளை வெளேரென்று அசையாமல் நின்றது.

"ஏகமனதாக நிறைவேறியது" என்று கிளிஞ்சலார் அறிவித்தார்.

கொம்பரசி தன் வாயையும் மகள் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டாள். ஆட்சேபம் சொல்ல ஊரில் மீதி இருந்தவை அந்த இரண்டு வாய்கள்தான்.