ஜெபமாலை அத்தை பத்திரப்படுத்தின அவரை வேர்

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. கீழவைப்பார் கடற்கரை மணல்ல படர்ந்து கிடக்கிற காட்டு அவரைக் கொடியை வேரோட தோண்டி, தூத்துக்குடியில எங்க ஆய்வகத்துக்குக் கொண்டு வரணும். அம்புட்டுதான்.

அவரை, உளுந்து, தட்டாம்பயறு, இதுங்க வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதுக்குள்ள நுண்ணுயிர் குடியிருந்து செடிக்கு உரம் செஞ்சு கொடுக்கும். கடற்கரை உப்புல அது எப்படிப் பிழைக்குதுங்கிறதுதான் என் பிஎச்.டி. மறுநாள் கமிட்டி முன்னால உயிருள்ள முடிச்சைக் காட்டணும். இல்லைன்னா இன்னும் ஒரு வருசம். எங்க அம்மா ஏற்கெனவே, "நீ படிச்சு முடிக்கதுக்குள்ள அந்தக் கொடி மரமாயிரும்"னு சொல்லுதாங்க.

வெயில் ஏறுமுன்ன தோண்டிட்டேன். முடிச்சு ஒவ்வொண்ணும் மிளகு கணக்கா இருந்துச்சு. ஆனா கரையோரமா இன்னும் தூரம் போய் மண்ணு வேற எடுக்கணும். அதுக்குள்ள வேர் வாடிருமே.

என் தோழி ரீட்டாவோட அத்தை வீடு பக்கத்துலதான். ஜெபமாலை அத்தைக்கு மீன் வியாபாரம். மிஞ்சினதைக் கருவாடு போடுவாங்க. வீட்டுல எப்பவும் ஐஸ் கிடக்கும்.

"அத்தை, சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் இது கெட்டுப்போகாம பாத்துக்கிடுங்க."

"நீ போளா. என் கையில குடுத்தது எதும் இதுவரைக்கும் கெட்டதில்ல."

முடிச்சு, நுண்ணுயிர் எல்லாம் அத்தைக்கு எதுக்குன்னு நான் விளக்கலை. டாக்டர் ஆகப்போற திமிரு.

சாயங்காலம் வந்தா, அத்தை முகத்துல ஒரே பெருமை.

"ஏளா, வேரெல்லாம் ஒரே மண்ணு. நல்லா அலசிட்டேன்."

சரி, போகட்டும்னு நெனச்சேன்.

"பரு பருவா என்னமோ வேற அப்பியிருந்துச்சு. மீன் செதில் எடுக்குத கத்தியை வச்சு ஒண்ணு விடாம சுரண்டிட்டேன்."

"சுரண்டினது எங்கன, அத்தை?"

"கோழிக்குப் போட்டுட்டேன்."

முற்றத்துல நின்ன கோழி என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அதுவும் நல்லா சாப்பிட்ட முகம்.

"வேரைப் பத்திக் கவலைப்படாத. கல்லுப்பு போட்டுப் பெசறி, பானையில அமுக்கி, மேல கல்லு வச்சிருக்கேன். ஒரு வருசம் ஆனாலும் கெடாது."

அந்த ஒரு வருசத்தைக் கேட்டதும் அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். அத்தை பதறிப்போய்த் தண்ணி கொண்டாந்தாங்க. அப்பதான் முதல் தடவையா விளக்கினேன்.

"அந்த முடிச்சுக்குள்ள உசுரு இருக்கு, அத்தை. அது உசுரோட இருக்கணும்."

அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. "உசுரோட வேணும்னு மொதல்லயே சொல்லுததுக்கென்ன? கடல் தண்ணியில போட்டு வச்சிருப்பேம்லா."

மறுபடி தோண்டலாம்னா இருட்டிப் போச்சு, தூத்துக்குடிக்குக் கடைசி பஸ்ஸும் வந்துருச்சு. இன்னைக்குக் காலையில கமிட்டி முன்னால வெறுங்கையோட நின்னேன். ஒரு வருசம் தள்ளிப் போட்டாச்சு. கடைசியா ஒரு பெரியவர் மட்டும் பாவப்பட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தக் கொடி உப்பைத் தாங்குமா, தாங்காதா?"

"உப்பைத் தாங்கும் சார். ஜெபமாலை அத்தையைத்தான் தாங்காது."