பம்புசெட்டு சார் கொடுத்த நற்சான்று

பெரம்பலூரிலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே பம்புசெட்டு சாரைப் போல வாயை இறுக்கி மூடிய மனிதர் கிடையாது. மணி என்ன என்று கேட்டால்கூட, "யாரு கேக்கச் சொன்னது?" என்பார். அவருடைய வாட்ஸ்அப்பில் முகத்துக்குப் பதிலாக ஒரு மோட்டார் படம்தான் இருக்கும்.

வாசலில் பம்புசெட் கடை போர்டு. உள்ளே நடந்ததோ துப்பறியும் வேலை. பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளைகளின் யோக்கியதையை விசாரிப்பது. யாராவது விவசாயி நிஜமாகவே மோட்டார் வாங்க வந்துவிட்டால், "ஸ்டாக் இல்லீங்க" என்று அனுப்பிவிடுவார். அவருடைய சொந்த மச்சானே அவர் மோட்டார் விற்பதாகத்தான் நம்பினார். வியாபாரம் பண்ணத் தெரியாத மனுஷனாக இருக்கிறாரே என்று வருத்தம் வேறு.

அப்பேர்ப்பட்டவரிடம் சேர்ந்த ஒரே துப்பறியும் புலி நான். மீன்சுருட்டி என்ற ஊருக்கு ஒரு மாப்பிள்ளையை விசாரிக்க அனுப்பினார். மோட்டார் கம்பெனி ஆளாகப் போனேன். வெயிலில் வந்த பிள்ளை என்று மாப்பிள்ளையின் அம்மா இலை போட்டுவிட்டார். இரண்டாம் முறை மீன்குழம்பு ஊற்றியபோது எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, ஒங்க பையனப் பத்தி விசாரிக்கத்தான் வந்தேன்."

"அதுக்கென்ன தம்பி, சாப்ட்டுட்டு விசாரிங்க" என்றார் அந்த அம்மா.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் சார் தலையில் அடித்துக்கொண்டார். "ஒனக்கு இந்தப் பொழப்பு ஆவாதுடா. வேற எடம் பாரு."

பார்த்தேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. அது கிடைத்தால்தான் பெண் தருவதாக, நான் கட்டிக்கொள்ள இருந்த செல்வியின் அப்பா சொல்லியிருந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்போம் என்றார் மேனேஜர். சாருடைய நம்பரைக் கொடுத்தேன். அதற்குப் பதில் என் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

போனில் சார் சொன்னது இதுதான்: "அப்படி ஒரு ஆளே இங்க கெடையாதுங்க. நாங்க மோட்டார் விக்கிறவங்க. அதுவும் ஸ்டாக் இல்ல."

ஓடிப்போய், "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"யாரு கேட்டாலும் நம்ம ஆளக் காட்டிக் கொடுக்கக் கூடாதுடா" என்றார் பெருமையாக.

"சார், என் கல்யாணம் நின்னுடும்." இதைச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். சார் எழுந்து செருப்பை மாட்டினார்.

அரியலூர் ஆபீஸ் வாசலில் லாரிக்காரர்கள், காண்ட்ராக்டர்கள் என்று பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. "கொஞ்சம் தனியா பேசணுங்க" என்று அங்கே நின்ற மேனேஜரிடம் குழைந்தார் சார்.

மேனேஜர் மசியவில்லை. "போன்ல அப்படி ஆளே இல்லேன்னீங்க. எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க."

சார் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நான் துப்பறியிற ஆபீஸ் வச்சிருக்கேங்க. இவன் எங்கிட்டதான் வேலை பாத்தான். பொய் சொல்ல வராது. ஒரு வாய் சோறு போட்டா உள்ளதெல்லாம் கொட்டிடுவான். எனக்கு ஒதவாத பய. நீங்க ஸ்டோர் சாவிய நம்பிக் குடுக்கலாம்."

ஒரு லாரிக்காரர் எழுந்தார். "ஏங்க, மோட்டார் விக்கிறேன்னு வந்து எங்க மாப்ளயப் பத்திக் கேட்டது நீங்கதானா?"

வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும், "சார், இனிமே அரியலூர்ல ஒருத்தரும் ஒங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டாங்களே" என்றேன்.

"போனாப் போவுது. மொதல்ல அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போன் போடு."

பெரம்பலூர் பஸ் கிளம்பும்வரை அவர் கையை நான் விடவில்லை.