எல்லா மீனும் நாலு கிலோ

கலியாணம் முற்றாகும்வரை, மாமனாராக வரப்போகிறவரின் கடைப்பக்கம் ஒருவன் தலைவைத்தும் படுக்கக்கூடாது. தப்பித் தவறிப் போனாலும் மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிட வேண்டும். நான் பேசினேன்.

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் அஜின்கோர்ட்டில் அவருக்கு மீன்கடை. அவருடைய மகள் சுகன்யாவும் நானும் விரும்பியிருந்தோம். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. தராசு காட்டும் நிறையைப் பார்த்து, அவரே கணினியில் அடித்துக்கொண்டிருந்தார். தராசின் பின்பக்கத்தில், கணினியோடு இணைக்கும் பழைய சீரியல் போர்ட் ஒன்று இருப்பதைக் கண்டுவிட்டேன். (கண் அப்போது நல்ல தெளிவு; மூளைதான் மங்கல்.)

"அங்கிள், ஒரு வயர் பூட்டினால் தராசே கொம்பியூட்டருக்கு நிறையைச் சொல்லும். நான் புரோகிராம் எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு பின்னேரம் முழுக்க விளைமீனும் றாலும் நிறுத்துப் பார்த்தோம். அச்சொட்டாக வந்தது.

"உது நெடுக ஓடுமோ தம்பி?"

"வருசக்கணக்கா ஓடும் அங்கிள். கொம்பியூட்டரை நிப்பாட்டவே தேவையில்லை."

கந்தசஷ்டி வந்தது. அவரும் விரதம், வாடிக்கையாளர்களும் விரதம். கடையைப் பூட்டினார், என் பேச்சை நம்பிக் கணினியை நிறுத்தாமல் போனார். ஆளில்லாத கடையில் அந்தக் கணினி மின்சாரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, தராசின் வயர் பூட்டியிருந்த போர்ட்டை உறங்க வைத்துவிட்டது. தராசிடமிருந்து புதுச் செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த நிறையையே காட்டும்படி புரோகிராமை எழுதியிருந்த கெட்டிக்காரன் நான்தான். கடைசியாக நிறுத்தது ஒரு நாலு கிலோப் பாரைமீன்.

பாறணை முடிந்த மறுநாள், விரதம் விட்ட சனமெல்லாம் மீனுக்கு விழுந்தடித்து வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். போன் அடித்தது.

"தம்பி, கணவாயும் நாலு கிலோ, நெத்தலியும் நாலு கிலோ! ஒரு அன்ரி ஒரு பிடி நெத்தலியோட நிண்டு ஏசுறா!"

பெரிய டொக்டர் மாதிரி, "ஒருக்கா மூடிப்போட்டுத் திறவுங்கோ அங்கிள்" என்றேன். புரோகிராமைத்தான் சொன்னேன்.

அவர் கடையை மூடினார். நின்ற சனத்தையெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் குளிருக்குள் வெளியே அனுப்பி, கதவைப் பூட்டி, திரும்பத் திறந்து, எனக்குப் போன் எடுத்தார்.

"மூடித் திறந்தாச்சு. உது இப்பவும் நாலு கிலோதான். சனம்தான் குறைஞ்சு போச்சு."

ஐயோ, கலியாணம் சரி என்று நினைத்தேன். அதாவது, குழம்பிவிட்டது என்று.

அன்று பின்னேரமே போய், பழைய நிறை நின்றுவிட்ட கதையை அவரிடம் ஒப்புக்கொண்டு, திருத்தினேன். தராசு சற்றுநேரம் பேசாமலிருந்தால் திரை வெறுமையாகிவிடும். புரோகிராம் தானே இணைப்பை மூடித் தானே திறந்து பார்க்கும். போர்ட் உறங்கவும் இனி அனுமதி இல்லை. அவர் பக்கத்தில் நின்று பெரிய கத்தியால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு சம்பந்தம் பேசப் போனேன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையைக் கடைசிவரைக்கும் வடிவாப் பாப்பீரோ?"

"ஓம் அங்கிள்."

"உது இப்ப நிறுத்த நிறையோ, பழைய நிறையோ?"

சுகன்யா குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். என் பெற்றோருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படியோ சம்மதம் கிடைத்தது.

இப்போதும் சுகன்யா ஏதாவது கேட்டு, நான் போனைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்றால், எங்கள் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுவாள்: "அம்மா, தட்ஸ் பழைய நிறை."