நூற்றியொரு தட்டுச் சீர்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராது. அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாட்டின் வியாபாரத்துக்கு எங்கள் பாப்பாரப்பட்டித் தெருப் பைக்காரரைப் போலத் துரோகம் செய்த மனிதர் இன்னொருவர் பிறந்ததில்லை. அதை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

கல்யாணத்தில் கொடுக்கும் தாம்பூலப் பைகளைப் பிரித்துத் தைத்துத் தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் செய்துகொள்வார். பெயர் வந்தது அப்படித்தான். திரையில் அச்சாகியிருந்த ஒரு ஜோடி கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டது. அவர் ஜன்னலில் மட்டும் இன்னும் சேர்ந்தே தொங்குகிறது.

நாங்கள் நாகரிகமானவர்கள். பழைய டிவிக்குத் தவணை முடியுமுன்பே புது டிவிக்குக் கையெழுத்துப் போடுவோம். அவரோ வெயில் தாங்காத நாளில் தர்மபுரி ஜவுளிக்கடை ஏசியில் உட்கார்ந்து நிதானமாகப் புடவை பார்ப்பார். பிறகு, "வூட்ல கேட்டுக்கிட்டு வர்றேனுங்க" என்று எழுந்துவிடுவார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இப்படிப்பட்டவரின் தங்கை மகள் பெரியவளானாள். தங்கையைக் கொடுத்திருந்தது மொரப்பூரில். தாய்மாமன் சீர் நூறு தட்டுக்குக் குறைந்தால் மருமகள் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டார். தங்கை போனில் அழுதாள்.

"அழுவாத பாப்பா, நூத்தியொரு தட்டா கொண்டாறேன்" என்றார் பைக்காரர்.

தெருவுக்கு அன்றே தீபாவளி. ஒருவழியாக இவரும் கடனாளியாகி எங்களோடு சேரப்போகிறார். பைனான்ஸ்காரர் கூப்பிடாமலேயே வந்து நின்றார். அவரிடம் பைக்காரர் கேட்டது ஒரு தட்டுதான்.

வீட்டுக்கு வீடு தட்டு இரவல் வாங்கினார். சுமக்கப் பெண்களையும் அப்படியே. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அவர் ஒருவருக்குத்தான் டிக்கெட். பழைய பரிசுப் பொட்டலங்களில் பிரித்த ஜிகினாத் தாளால் தட்டுகளை மூடியிருந்தார். உள்ளே என்னவென்று சுமந்த எங்களுக்கே தெரியாது.

மேளத்தோடு வரிசை நகர்ந்தது. முன்னால் போனவள் மண்டபம் ஏறியபோது பின்னால் வந்தவள் பஸ் நிறுத்தத்திலேயே நின்றாள். மேலே ட்ரோன் சுற்றியது. மாமியார் வீட்டார் படம் பிடித்து உடனுக்குடன் ஸ்டேட்டஸில் போட்டார்கள். பூரித்துப்போன மாமியார் ஒரு தாளை மெல்ல விலக்கினார். ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அடுத்ததில் தலைவாரும் சீப்பு ஒன்று. நான் சுமந்ததில் ஒரு கத்தரிக்காய்.

"என்னப்பா இது, தட்டுக்கு ஒண்ணா?" என்றார், பல்லைக் கடித்தபடி, தணிந்த குரலில்.

"நீங்க தட்டத்தானுங்க கேட்டீங்க அத்தை. எண்ணிக்கோங்க."

மாமியார் திரும்பிப் பார்த்தார். இப்படியொரு சீரைக் கண்டதேயில்லை என்று சொந்தமெல்லாம் வாய்பிளந்து நின்றது. விலக்கிய தாள்களை அவரே அவசரமாக மூடினார்.

"யாரும் தொறக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் மேளக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் என்றாலே ஒளிந்துகொள்கிறவள் நான். அவர் மறுபடி கூப்பிட்டால், ஒரு கத்தரிக்காயைச் சுமந்துகொண்டு சித்தேரி மலைக்கும் நடந்தே போவேன்.

மறுநாள் அவர் தட்டுகளைக் கழுவி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்.