ரத்த வகை: கட்டம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் சாதனை, எங்கள் மேலாளர் பிறப்பித்த 'மெலிவு' ஆணைதான். அதை நிறைவேற்றும் குழுவுக்குச் செயலாளராகும் பேறு அடியேனுக்குக் கிட்டியது.

எங்கள் மென்பொருள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அச்சிடுகிறது. அது ஓடத் தேவையான சகல சாமான்களோடும் கட்டி அனுப்பும் மூட்டைக்குக் கண்டெய்னர் என்று பெயர். மூட்டை பெருத்துவிட்டது. இளைத்தாக வேண்டும்.

குழு கூடியது. மூட்டைக்குள் இருந்த, படம் வரையும் பழைய பேக்கேஜ் ஒன்றை நீக்கினோம். உடனே லினக்ஸ் என்னும் இயங்குதளம், 'இனி இவையும் யாருக்கும் வேண்டாம்' என்று ஒரு பட்டியலை நீட்டியது. எல்லாம் அந்தப் பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு வந்த உறவுக்கூட்டம்.

சோதனைப் பிரிவு அம்மணி எழுந்தார். "சார், இந்தப் பட்டியல்ல எழுத்து வடிவம், அதான் ஃபாண்ட், இருக்கு. நம்ம ரிப்போர்ட்டும் அதத்தான் நம்பியிருக்கு. லினக்ஸுக்கு அது தெரியாது."

"ஏம்மா, சர்வர் என்ன கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கவா போகுது? அதுக்கு எதுக்கு எழுத்து?" என்றார் மேலாளர்.

"ஒரே ஒரு தாள் அச்சடிச்சுப் பாத்துடலாம் சார்."

"தாளா? நாம பசுமை நிறுவனம்மா!"

ஆட்சேபம் 'பாராட்டுடன் நிராகரிக்கப்பட்டது'. பட்டியல் முழுவதையும் நீக்கினோம்; மூட்டை பாதியானது. கேக் வெட்டினோம்.

மறுநாள் காலை என் அக்கா போன் செய்தாள். பத்து மணிக்கு அதே மருத்துவமனையில் அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன்.

"தம்பி, என் ரத்தத்துல என்னடா இருக்கு?"

"ஏங்க்கா?"

"ரிப்போர்ட் பூரா எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்திருக்கு. பேரு கட்டம், ரத்த வகை கட்டம். டாக்டர் கத்தியக் கீழ வெச்சுட்டாரு. நேத்து ராத்திரிலேருந்து பட்டினி கெடக்கேன்டா. உங்க அத்தான் இங்க ஆஸ்பத்திரியவே ரெண்டாக்கிட்டு இருக்காரு."

மேலாளரிடம் ஓடினேன். அவர் கலங்கவில்லை.

"கட்டமா? நாம அடுத்த கட்டத்துக்குப் போறோம்னு அப்பவே சொன்னேனே!"

அம்மணி யாரையும் கேட்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஃபாண்டை மீண்டும் ஏற்றினார். ஆய்வகம் அறிக்கையை மறுபடி அச்சிட்டது. மதியம் அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விசாரணை நடந்தது. நடக்காமல் இருக்குமா? குற்றம் 'ஐயந்திரிபற' நிரூபணமாயிற்று: குழுவின் முன் அனுமதியின்றி ஒருவர் மூட்டையின் எடையை மூன்று எம்.பி. கூட்டியிருக்கிறார். விளக்கம் கேட்டு அம்மணிக்குக் குறிப்பாணை.

செயலாளர் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டவன் அடியேன்தான். அவர் சிரமமில்லாமல் படிக்க வேண்டுமே என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன்.