பாட்டனி படித்தவள் காப்பாற்றிய ஆர்க்கிட்

பட்டம் வாங்கியவர்கள் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. ஒரு செடியைக் கொன்ற (சரி, முக்கால்வாசி கொன்ற) அனுபவத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி சிட்லபாக்கம் வந்தேன். மாமனார் அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, "மருமக பி.எஸ்ஸி. பாட்டனி" என்று சொல்லிவிடுவார். எனக்குப் பெருமை தாங்காது. காலேஜில் மூன்று வருஷமும் நான் உருப்படியாக வளர்த்தது நகம் மட்டும்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் அவர் ஒருநாள் நர்சரியிலிருந்து ஓர் ஆர்க்கிட் வாங்கிவந்தார். கொத்தாக ஊதாப் பூக்கள். தெருவே வந்து பார்த்தது. மறுவாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, "பத்தே நாள்தாம்மா. நீ இருக்கே, செடிக்கென்ன கவலை" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். பகீரென்றது. பேருக்குக்கூட மண் இல்லை! வெறும் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும். வேரெல்லாம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், மாமாவை நர்சரிக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். (ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது, அதன் வேருக்குக் காற்று வேண்டும் என்பது இரண்டாம் வருஷப் பாடம். அன்று நான் தாம்பரத்தில் மேட்னி ஷோவில் இருந்தேன்.)

செம்மண், எரு, வேப்பம்புண்ணாக்கு எல்லாம் போட்டு, தொங்கிய வேர்களை உள்ளே அமுக்கி, கழுத்துவரை புதைத்தேன். வேளாவேளைக்கு அரிசி களைந்த தண்ணீர் வேறு. எடுத்த கரியை வீணாக்குவானேன் என்று வெயிலில் காயவைத்து, தெருவில் இஸ்திரி போடும் முருகேசனிடம் கொடுத்தேன்.

"சோக்கா கீதுக்கா கரி" என்று வாங்கிக்கொண்டான்.

ஆறாம் நாள் பூ கொட்டியது. எட்டாம் நாள் இலை மஞ்சளாகிவிட்டது. "ரெஸ்ட் எடுக்குது" என்றேன் கணவரிடம். "பாட்டனி அப்படித்தான் சொல்லுதா?" என்றார்.

பத்தாம் நாள் மாமா வந்தார். குளித்து, பீரோவிலிருந்து இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, நேராகச் செடியிடம் போனார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கரி எங்கம்மா?"

"முருகேசன்கிட்ட குடுத்துட்டேன் மாமா."

விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே ஓடினேன். முருகேசன் தலையைச் சொறிந்தான்.

"அது அப்பவே தீந்துபோச்சு சார். தோ, நீங்க போட்டுக்கினு கீறீங்களே, இந்தச் சட்டைய தேய்ச்சதே அந்தக் கரிதான்."

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. (விழுங்கினாலும் செம்மண்ணும் எருவுமாகத்தான் இருந்திருக்கும்.)

முருகேசனே தன் மூட்டையிலிருந்து ஒரு கூடை கரி அள்ளிக் கொடுத்தான். மாமா அழுகிய வேரை நறுக்கி, மிச்சத்தைக் கழுவி, கரியில் உட்காரவைத்தார். அடுத்த வருஷம் ஒரே ஒரு பூ பூத்தது. நான் அழுதேவிட்டேன்.

மாமாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. இன்றும் யாராவது, "மருமக என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டால், வாசல் தொட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மெதுவாக் கேளுங்க. செடி காதுல விழுந்துடப் போகுது."